இருக்கும் வேலையும் தேடும் வேலையும்

வேலையில் இருக்கிறவனுக்குத்தான் அடுத்த வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்டு. பொருளியல் ஆய்வும் அதையே சொல்கிறது. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பை வைத்து ஃபேபர்மேன், முல்லர், ஷாஹின், டோபா ஆகிய நால்வர் எழுதிய ஆய்வு 2022இல் எகனாமெட்ரிக்கா இதழில் வந்தது. வேலையில் இருக்கும் அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேறு வேலை தேடிக்கொண்டே இருக்கிறார்கள். வேலையில்லாதவரை விட இவர்கள் குறைவாகத்தான் தேடுகிறார்கள். ஆனால் தேடும் அளவுக்குப் பார்த்தால் இவர்களுக்குத்தான் கூடுதல் அழைப்பும் கூடுதல் சம்பளமும் வருகின்றன. பசியோடு வருகிறவனிடம் முதலாளி விலை குறைத்துப் பேசுகிறார். சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவனிடம் அப்படிப் பேச முடிவதில்லை.

அதனால் யாரைக் கேட்டாலும் ஒரே அறிவுரைதான்: "கையில் இருக்கிறதை விட்டுடாதே, இருந்துகிட்டே தேடு." அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்தில் வீடும் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலையுமாக இருக்கிற ஒருவர் இதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று வளர்ந்தவருக்கு, முதலாளிக்குத் தெரியாமல் இன்டர்வியூ போவதே துரோகம் போல உறுத்துகிறது. அந்த உறுத்தல் தேவையற்றது. இருக்கும் வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவது உழைப்பவரின் உரிமை. சட்டமும் பெருமளவு அவர் பக்கம்தான் நிற்கிறது. அவருக்கு இல்லாதவை நேரமும் விடுப்பும் கடனில்லாத கையும். இந்த மூன்றையும் பேசாமல் ஒழுக்கத்தை மட்டும் பேசுவது அநியாயம் என்பது என் கருத்து.

ஊரிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல், கரும்பு. மாதச் சம்பளம் வேண்டுமென்றால் சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் நிரந்தர வேலை அல்லது ஒப்பந்த வேலை, அதுவும் இல்லையென்றால் விருத்தாசலம். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் வளர்ந்த தொழில் இது. நம் வீட்டுச் சுவரில் மெயின் பாக்ஸில் செருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர், மின்கம்பத்து இன்சுலேட்டர், கொலுவுக்கு வைக்கும் பொம்மை என்று பலவும் அந்தப் பட்டறைகளில் உருவாகின்றன.

ஒரு தொழில் ஓர் இடத்தில் குவிந்திருப்பதில் தொழிலாளிக்கு நன்மையும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. கற்ற வேலைக்கு அடுத்த தெருவிலேயே இன்னொரு பட்டறை இருப்பது நன்மை. முதலாளிகள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பது இடைஞ்சல். ஒரே பேட்டை, ஒரே மண் வியாபாரி, ஒரே டீக்கடை. காலையில் ஒரு பட்டறையில் "ஆள் வேணுமா" என்று விசாரித்தால், மதியத்துக்குள் தன் முதலாளி காதுக்குப் போய்விடும். கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் எழுதிய நூலில், உழைப்பை வாங்குவோர் மிகச் சிலராக இருக்கும் சந்தையில் கூலி எப்படி அடங்கிக் கிடக்கிறது என்று விளக்கினார். சின்னத் தொழில் நகரங்களில் அதைக் கண்ணெதிரே காணலாம். முதலாளிகள் கூடிச் சதி செய்ய வேண்டியதில்லை. "அவன் ஆளை நான் எடுக்க மாட்டேன், என் ஆளை அவன் எடுக்க மாட்டான்" என்ற சொல்லாத உடன்பாடே போதும். இதையே பேசி முடிவு செய்துகொண்டதற்காக ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களுக்கு 2015இல் 41.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டியிருந்தது.

எனவே பக்கத்தில் தேட முடியாதவர் தூரத்தில் தேடுகிறார்: சென்னை, ஓசூர், திருப்பூர், குஜராத்தின் மோர்பி. மோர்பி நாட்டின் மிகப் பெரிய டைல்ஸ் நகரம். செராமிக் படித்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் இன்டர்வியூ என்றால் போய் வர வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தில் ரயில் நிலையம் இல்லை. பஸ் பிடித்து விருத்தாசலம் வந்துதான் ரயில் ஏற வேண்டும். வைகையோ பல்லவனோ பிடித்தால் எழும்பூர் போய்ச் சேர நண்பகல் கடந்துவிடும். காலைப் பத்து மணி இன்டர்வியூவுக்கு முந்தின நாள் இரவே கிளம்பியாக வேண்டும். அன்றைய ராத்திரி ஷிப்ட், அடுத்த நாள் வேலை, திரும்பி வரும் களைப்பு என்று ஒரு மணி நேர நேர்காணலுக்கு இரண்டு நாள் சம்பளம் போகிறது. டிக்கெட் காசு தனி. "உங்களுக்குத் தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டால் அந்த இரண்டு நாளுக்குக் கணக்கே கிடையாது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பொருளைச் சீர்செய்வது, கிளேஸ் பூசுவது, வண்ணம் தீட்டுவது போன்ற வேலைகளில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியூர் இன்டர்வியூ என்றால் துணைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய கூலியும் போகும். வீட்டில் கேள்வி வேறு. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்று நேர்காணலிலேயே கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வேலை மாறுவதால் வரும் சம்பள உயர்வு ஆண்களுக்கே அதிகம் போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

விடுப்பு எடுத்துப் போகலாமே என்று கேட்கலாம். 1948 தொழிற்சாலைச் சட்டம் வகுத்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விடுப்புக்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது அதன் 79ஆம் பிரிவு. எந்தக் கம்பெனி பதினைந்து நாள் முன்னதாக இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறது? புதன்கிழமை போன் வரும், வெள்ளிக்கிழமை வரச் சொல்வார்கள். மின்சாரத்தில் இயங்கினாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருந்த பட்டறைகள் பொதுவாக அந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 240 நாளை 180 ஆகக் குறைத்தன. அது நல்ல மாற்றம். ஆனால் தொழிற்சாலை என்பதற்கான ஆள் கணக்கைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்திவிட்டன. சிறு பட்டறைகள் பல தொழிற்சாலை என்ற கணக்கிலிருந்தே வெளியே போய்விட்டன.

இப்படி நேர்வழியில் விடுப்பு கிடைக்காதபோது பொய் நுழைகிறது. பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, பாங்க்கில் கையெழுத்துப் போட வேண்டும், மாசி மகத்துக்கு வீட்டில் விருந்தாளி. காரணம் சொல்லித்தான் விடுப்பு வாங்க வேண்டும் என்ற வழக்கமே இந்தப் பொய்களைப் பிறப்பிக்கிறது. "சொந்த வேலை" என்ற இரண்டு சொல்லோடு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் யாரும் பாட்டியைப் படுக்க வைக்க மாட்டார்கள். இதில் ஓர் எல்லை மட்டும் உண்டு. இஎஸ்ஐ மருத்துவரிடம் உடம்பு சரியில்லை என்று சான்று வாங்கி, நோய்க்கால உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு இன்டர்வியூ போவது குற்றம். அது எல்லாத் தொழிலாளர்களும் போட்டு வைத்த பணம். அதில் கை வைக்கக் கூடாது.

வேலை மாறுவதைத் தடுக்கும் கயிறு புதியதல்ல. 1859இல் கம்பெனி ஆட்சி ஒழிந்த கையோடு வந்த 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி மூன்று மாதம் வரை கடுங்காவல் கொடுக்க வழி செய்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் மாநகர வணிகர்களுக்காக வந்த சட்டம் அது. பிறகு தோட்டங்களுக்கும் பரவியது. கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் சிவில் வழக்கு. தொழிலாளி கட்டாவிட்டால் மட்டும் சிறை. இது முழுதாக ஒழிய 1926 ஆகிவிட்டது.

இலங்கை மலையகத்தில் இதே கயிற்றுக்கு வேறு வடிவம். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப் போன தோட்டத் தொழிலாளர்கள், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து 'துண்டு' வாங்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று எழுதிய சீட்டு. புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். கவனிக்க வேண்டியது, அங்கே இடமாற்றம் நடக்காமல் இல்லை. கங்காணிகள் கூட்டத்தோடு தோட்டம் தோட்டமாக மாறி நல்ல முன்பணம் வாங்கினார்கள். பேரம் கங்காணிக்கு, கடன் கூலிக்கு. 1921ஆம் ஆண்டின் 43ஆம் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

வளைகுடாவுக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இதே துண்டு என்ஓசி என்ற பெயரில் வந்தது. கடலூர் மாவட்டத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. பழைய முதலாளியின் ஆட்சேபனையில்லாக் கடிதம் இல்லாமல் கத்தாரில் வேலை மாற முடியாது என்ற நிலையை 2020இல் கொண்டுவந்த சட்டம் மாற்றியது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் கொடுத்தால் போதும். சவூதி அரேபியா 2021 மார்ச்சில் ஓர் ஆண்டு வேலை செய்தவர்களுக்கு இந்தத் தளையைத் தளர்த்தியது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு டிரைவர்கள் அதில் சேரவில்லை. இங்கிருந்து போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். திருச்சியிலோ சென்னையிலோ டிரேடு டெஸ்ட் முடிந்த கையோடு லட்சக்கணக்கில் கேட்பவரை நம்பி, இருக்கிற வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

இங்கேயும் கயிறு அறுந்துவிடவில்லை, மெலிந்திருக்கிறது. தீபாவளிக்கும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலும் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவது பட்டறைகளில் சகஜம். அதில் தவறில்லை, பல முதலாளிகள் வட்டியில்லாமல் கொடுத்து ஆபத்துக்கு உதவுகிறார்கள். ஆனால் "அட்வான்ஸைக் கட்டிட்டுப் போ" என்ற ஒரு சொல் பலரை இன்டர்வியூவுக்கே போக விடாமல் செய்கிறது. அட்வான்ஸ் என்பது கடன். கடனைத் திருப்பிக் கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்க முடியாது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் உயிரே அதுதான். மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், புதிய சம்பளத்தில் கட்டலாம்.

படித்தவர்களுக்கு மாட்டும் கயிறு ஒரிஜினல் சர்டிபிகேட். தனியார் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். வேறு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. கேட்டால் அன்றே விஷயம் வெளிப்பட்டுவிடும். சான்றிதழ் அடகு வைக்கும் பண்டமல்ல, அதைப் பிடித்து வைத்துக் கடன் வசூலிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டிய காகிதம் அது. சேரும் நாளிலேயே, எழுத்தில் ஒப்புகை வாங்காமல் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு இளம் ஆசிரியரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாண்டுப் பத்திரம் இன்னொன்று. இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. டேவிட் டட்லி ஃபீல்டு நியூயார்க்குக்காக எழுதிய வரைவுச் சட்டத்திலிருந்து எடுத்த பிரிவு இது. நியூயார்க் அதை ஏற்கவில்லை. ஆனால் கலிபோர்னியா அதே 1872இல் அதே வரைவிலிருந்து எடுத்துக்கொண்டது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறியே ஒரு தொழிலை வளர்த்ததற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அதே விதை நம் சட்டத்திலும் இருக்கிறது. நம் தொழிலாளிக்குத்தான் அது தெரியாது.

நம் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இரண்டாகப் பிரித்துப் படிக்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு, வேலையை விட்ட பிறகான தடை வேறு. 1967இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்றது. 1980இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் வேலை முடிந்த பிறகான தடை செல்லாது என்று முடிவு வந்தது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியுமுன் போனால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த அதிகாரி 2009இல் ராஜினாமா செய்து ஐடிபிஐ வங்கிக்குப் போனவர். பொதுத்துறை வங்கி ஒவ்வொரு இடத்துக்கும் விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆள் எடுக்க வேண்டியிருப்பதை நீதிமன்றம் கணக்கில் கொண்டது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி எந்தப் பாண்டும் செல்லும் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அது சரியல்ல. நல்ல சம்பளம் வாங்கிய மேலாளர் நிலை அதிகாரிக்கு இரண்டு லட்சம் பெரும் சுமையல்ல என்பதும் அந்தத் தீர்ப்பின் பின்னணி. ஒரு வாரம் மிஷின் ஓட்டக் காட்டிக் கொடுத்துவிட்டு, மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் பெண்ணிடம் ஒரு லட்சத்துக்குப் பாண்டு வாங்கினால் அதே அளவுகோலில் நிற்காது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். தண்டனை விதிக்க முடியாது.

பெரிய நிறுவனங்களும் கயிறு போடாமல் இல்லை. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் ஊழியர் வெளியேற்ற விகிதம் 28.4 சதவீதம், செப்டம்பர் காலாண்டில் டிசிஎஸ்ஸில் 21.5. அந்தச் சமயத்தில்தான் ராஜினாமா செய்பவர் தான் பார்த்த அதே வாடிக்கையாளரின் வேலைக்காக, பெயர் குறிப்பிட்ட சில போட்டி நிறுவனங்களில் ஆறு மாதம் சேரக் கூடாது என்ற இன்ஃபோசிஸின் நிபந்தனையை எதிர்த்து, புனேயில் உள்ள ஐடி ஊழியர் சங்கமான நைட்ஸ் மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக அறிவித்தது. ஒரே நேரத்தில் இரண்டு சம்பளம் வாங்குவதும், ஒரு வேலையில் இருந்துகொண்டு இன்னொன்றுக்கு நேர்காணல் கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் விற்ற நேரத்தையே மறுபடி விற்கிறோம். இரண்டாவதில் இன்னும் விற்காத நாளைய நேரத்துக்கு விலை கேட்கிறோம். இந்த இரண்டையும் குழப்பி "இவனும் அவனைப் போலத்தான்" என்று பேசும் மேலாளர்கள் அதிகம். அந்தக் குழப்பம் தேடுகிறவருக்குத்தான் கேடு.

தேடுகிறவருக்கும் கடமை உண்டு. செராமிக் பட்டறையில் அது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் தெளிவாகப் புரியும். இன்சுலேட்டருக்கான கலவை வெண்களிமண், பால் கிளே, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். இது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த மண் எவ்வளவு, கிளேஸில் என்ன சேர்த்தால் வெடிப்பு விழாது, சூளையை எந்த வேகத்தில் 1,250 டிகிரிக்கு மேல் ஏற்றினால் பொருள் வளையாது என்பதெல்லாம் ஒவ்வொரு பட்டறையும் வருஷக்கணக்கில் உடைத்துக் கெடுத்துக் கற்றது. மேஸ்திரி ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பார். சூளைக்காரர் வேலை மாறும்போது, ஜுவாலையின் நிறம் பார்த்துச் சூடு சொல்லும் கண்ணும் கிளேஸின் பதம் அறியும் கையும் அவரோடு போகும். அது அவர் சம்பாதித்தது. நோட்டு போகக் கூடாது. நோட்டைப் போனில் படம் பிடித்து இன்டர்வியூவில் காட்டுவதும் கூடாது. நல்ல முதலாளி அப்படிக் காட்டுகிறவரை எடுக்கவும் மாட்டார். நாளைக்குத் தன் நோட்டும் இப்படித்தான் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்தது சூளை. எரிந்துகொண்டிருக்கும் சூளையை விட்டு யாரும் போக முடியாது. நடுவில் நிறுத்தினால் உள்ளே அடுக்கிய அத்தனை பொருளும் வீண். சின்னப் பட்டறை முதலாளிக்கு அது ஒரு மாத லாபம். "இன்னைக்கு லீவு" என்று காலையில் போன் செய்துவிட்டு இன்டர்வியூ போகிற சூளைக்காரர் மீது அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. இன்டர்வியூவைச் சூளை இறக்கிய மறுநாளுக்கு மாற்றிக் கேட்கலாம். கேட்டதற்காக வேலை தர மறுக்கும் கம்பெனியில் பிறகு எந்த விடுப்பும் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

நோட்டீஸ் காலம் இன்னொரு சிக்கல். 1946 நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைப்படி மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாத நோட்டீஸ், மற்றவர்களுக்கு இரண்டு வாரம் என்று இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே அளவு. இன்று ஐடி நிறுவனங்கள் பல தொண்ணூறு நாள் கேட்கின்றன. அதே நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுக்கும்போது "உடனே சேர முடியுமா" என்று விளம்பரம் கொடுக்கின்றன. தன் ஆள் தொண்ணூறு நாள் இருக்க வேண்டும், அடுத்தவன் ஆள் நாளைக்கே வர வேண்டும். இந்த முரண்பாட்டால், கையில் ஆர்டர் இல்லாமலே ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் தேடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வேலையில் இருப்பவருக்கு இருந்த பேரம் அப்போது பாதியாகிவிடுகிறது. எத்தனை அவசரம் சொன்னாலும், சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்கக் கூடாது.

கிராஜுவிட்டியையும் மறக்கிறோம். 1972 சட்டம் வகுத்தது போலவே இன்றும் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர் சேவை வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்ட கணக்கு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 43,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அந்த ஆண்டு முழுதாகக் கணக்கில் சேரும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நாலரை ஆண்டில் இருப்பவர் புதிய வேலையில் சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேட்டுப் பார்க்கலாம். பி.எஃப். யுஏஎன் எண் 2014இல் வந்த பிறகு கணக்கு ஆளோடு கூடவே போகிறது. பழைய கம்பெனியில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதையும் கேட்டு வாங்கலாம்.

தன் ஊழியர் வேறு வேலை தேடுவார் என்பதை ஒளிவுமறைவில்லாமல் ஏற்றுக்கொண்ட முதலாளி ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார், அது அரசு. மத்திய அரசு ஊழியர் வெளிப் பதவிகளுக்கு விண்ணப்பிக்க ஆண்டுக்கு நான்கு வாய்ப்பு என்று விதியே இருக்கிறது. முறைப்படி அனுமதி பெற்று இன்னொரு அரசு வேலைக்குப் போனால் அது தொழில்நுட்ப ராஜினாமா; பழைய சேவைக் காலம் வீணாகாது. நிரந்தரப் பணியில் இருந்தவருக்குப் பழைய இடத்தின் மீதான உரிமை இரண்டு ஆண்டு வரை காக்கப்படும். டிஎன்பிஎஸ்சி தேர்வெழுதும் அரசு ஊழியர் தான் பணியில் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பில் தடையின்மைச் சான்று காட்ட வேண்டும். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, எழுத்துத் தேர்வுகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன என்பது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து குரூப் 4 எழுதப் போகிற கடைப் பையன் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் சிவில் சட்டத்தின் 629ஆம் பிரிவு, நோட்டீஸ் காலத்தில் இருக்கும் ஊழியர் கேட்டால் புதிய வேலை தேட முதலாளி நேரம் கொடுக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் ஆட்குறைப்புக்கு ஆளாகி நோட்டீஸ் பெற்ற, இரண்டு ஆண்டு சேவை முடித்த ஊழியருக்கு 1996 சட்டம் அதே உரிமையைத் தருகிறது. அந்த நேரத்துக்கு ஓரளவு சம்பளமும் உண்டு. இரண்டும் போகப்போகிறவருக்கான சலுகைகள்தான். என்றாலும், வேலை தேடப் பகல் நேரம் வேண்டும் என்பதை அந்தச் சட்டங்கள் ஒப்புக்கொள்கின்றன. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

வீடியோ இன்டர்வியூ வந்த பிறகு கொஞ்சம் விடிவு பிறந்திருக்கிறது. இரண்டு நாள் சம்பளம் போன இடத்தில் அரை மணி நேரம் போகிறது. ஆனால் அது மேஜை வேலைக்காரருக்குத்தான் முழுப் பயன். மோல்டிங், வயரிங், வெல்டிங் செய்கிறவரின் கையைக் கேமராவில் பார்த்து முடிவு செய்ய யாரும் தயாரில்லை; பொருளைச் செய்து காட்டு என்கிறார்கள். அவர் போய்த்தான் ஆக வேண்டும்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகின்றன. பல மாவட்டங்களில் சின்ன முகாம்கள் வெள்ளிக்கிழமைகளில் நடக்கின்றன, பெரிய முகாம்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில். வெள்ளிக்கிழமை முகாமுக்கு வருகிறவர் வேலையில்லாதவர் அல்லது பொய் சொல்லிவிட்டு வந்தவர். கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்கு நான்கைந்து முகாமாவது ஞாயிற்றுக்கிழமையில், கடலூரில் இல்லாமல் விருத்தாசலத்திலேயே நடக்கட்டும். செராமிக் கல்வி நிலையத்தில் சூளையும் உண்டு, மோல்டிங் கூடமும் உண்டு. ஓசூரிலிருந்தோ மோர்பியிலிருந்தோ வருகிற கம்பெனி, ஆள் செய்து காட்டுவதை அங்கேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பேட்டை முதலாளிகளும் தங்களுக்கு வேண்டிய ஆளை அங்கேயே தேடட்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சம் இரு தரப்பிலும் அன்றோடு பாதி குறைந்துவிடும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஷிப்டுக்கும் போகலாம்.